குழந்தைகளுக்காக ஒரு கிராம சபைத் தீர்மானம்: குடிநீர், கழிப்பறை, கண்மாய்ப் பள்ளம் – உங்கள் ஆலோசனை தேவை

கண்மாய்க்கரை (மேலூர் பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். வருகிற ஆகஸ்ட் 15 கிராம சபையில் எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் சார்பில் ஒரு தீர்மானம் வைக்க இருக்கிறோம். ஊரின் சுற்றுப்புறத்தால் பிள்ளைகளின் உடல்நலத்துக்கும் உயிருக்கும் வருகிற கேடுகளைக் குறைப்பதே அதன் நோக்கம்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவில் அடுத்தடுத்துப் பல பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அதே மாதத்தில் கண்மாயில் குளிக்கப் போன ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் மூழ்கி இறந்தான். முன்னதைப் பருவம் மாறினால் வருவதுதான் என்றும், பின்னதைத் தலைவிதி என்றும் சொல்லி ஊர் கடந்துபோய்விட்டது. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்புகளில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை சுற்றுப்புறக் கேடுகளால் நேர்பவை என்று உலக சுகாதார நிறுவனம் 2017இல் கணக்கிட்டு அறிவித்தது. எண்ணிக்கையில் சொன்னால் ஆண்டுக்கு 17 லட்சம் குழந்தைகள். கெட்ட காற்றும், கெட்ட தண்ணீரும், கழிப்பறை இல்லாமையும், விபத்துக் காயங்களும் அந்த ஒரே கணக்கில்தான் வருகின்றன. நம் ஊர்களில் தண்ணீரை ஒருவர் பார்க்கிறார், கழிப்பறையை இன்னொருவர் பார்க்கிறார், கண்மாயில் பிள்ளை மூழ்கினால் காவல் நிலையம் மட்டும் பார்க்கிறது.

இப்போது ஊராட்சியில் நடக்கும் பேச்செல்லாம், தண்ணீரைச் சவ்வில் வடிகட்டிக் கரைந்த உப்புகளையும் நீக்கும் ஓர் ஆர்.ஓ. இயந்திரம் வாங்குவதைப் பற்றித்தான். அது ஒன்றே போதுமா? தீர்மானத்தில் எதை எழுதினால் நடக்கும், எதை எழுதினால் தாளோடு நின்றுவிடும்? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீராய்வகம் (ஓய்வு), மதுரை

ஐயா, இயந்திரம் வாங்கும் முன் தண்ணீரை ஆய்வு செய்யுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டத்திலேயே இருக்கிறது. குடிநீரில் இரண்டு வகைக் கேடு உண்டு. ஒன்று கிருமி, மற்றொன்று கரைந்துள்ள உப்புகள். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை கிருமியால் வருபவை. தண்ணீரில் உள்ள அந்தக் கிருமிகளைக் கொல்வது குளோரின். உங்கள் ஊரில் மழைக்காலத்தில் பல வீடுகளில் ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு வந்தது என்கிறீர்கள். தொட்டியிலோ குழாயிலோ மலக்கிருமி கலந்தது என்பதுதான் முதலில் வர வேண்டிய ஐயம். ஆர்.ஓ. இயந்திரத்தில் ஒரு குடம் பிடித்து, அதைக் கழுவாத குடத்தில் ஊற்றி, கைவிட்டு மொண்டு குடித்தால் அந்தத் தண்ணீரைக் காக்க அதில் ஒன்றுமே இருக்காது. குளோரின் கலந்த நீரிலோ குடத்துக்குள் விழும் கிருமியையும் ஓரளவு கொல்லும் மீதி இருக்கும். அந்த மீதி, கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை.

நான் பணியில் இருந்தபோது ஊர் ஊராகக் கண்ட குறை ஒன்று. தண்ணீரில் குளோரின் சேர்க்கப் போடும் பிளீச்சிங் பவுடர் மூட்டை பிரித்தபடியே பம்பு அறையில் கிடக்கும்; கட்டி கட்டியாக ஈரம் கோத்திருக்கும். புதிதாக இருக்கும்போது அதில் சுமார் 33 சதவீதம் பயன்படும் குளோரின் உண்டு. காற்றும் வெளிச்சமும் ஈரமும் பட்டால் அது வீரியம் இழந்துவிடும். டேங்க் ஆபரேட்டர் ஏட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார், பவுடரும் போட்டிருப்பார், ஆனால் தண்ணீரில் குளோரின் இருக்காது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காற்றுப் புகாத மூடியுள்ள டிரம் ஒன்றும், சோதனைக் கிட் ஒன்றும் கொடுத்திருக்க வேண்டும். பவுடரின் வழக்கமான அளவு 1000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும்.

உசிலம்பட்டி வாசகர்

ஐயா சொல்வது கிருமிக்குச் சரி. எங்கள் பக்கத்து ஊரில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்று ஆய்வறிக்கையே வந்தது. பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கோடுகள். குளோரின் போட்டால் அது போகுமா? எங்களுக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று சொல்வது நியாயமில்லை.

நீராய்வகம் (ஓய்வு), மதுரை

நியாயமான கேள்வி. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் குளோரினும் உதவாது, கொதிக்க வைப்பதும் உதவாது. கொதிக்கக் கொதிக்க நீர் வற்றி ஃபுளோரைடின் அடர்வு கூடத்தான் செய்யும். நைட்ரேட்டும் அப்படியே, அதன் எல்லை 45 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால் பவுடர் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாயும். உங்கள் ஊருக்கு ஆற்றுநீர்க் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தால் அதுவே முதல் தீர்வு. வரும்வரை சமையலுக்கும் குடிக்கவும் மட்டும் ஆர்.ஓ. நீரைப் பயன்படுத்துங்கள். மேலூர்க்காரர் முதலில் ஆய்வறிக்கையைக் கையில் வாங்கட்டும் என்பதே என் வாதம்.

புதூர் அம்மா (மதுரை மாநகர்)

நகரத்தில் இருப்பவளாக நானும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் பகுதியில் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. விட்டு விட்டு வருவதால் வரும் தீங்கை யாரும் சேர்த்து வைத்துப் பேசுவதில்லை என்பது என் ஆதங்கம். தண்ணீர் நின்றிருக்கும் நாட்களில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. அப்போது பக்கத்தில் ஓடும் சாக்கடை நீர், குழாயின் விரிசல் வழியே உள்ளே கசிந்துவிடும். தண்ணீர் விட்ட உடனே வீட்டுக்கு வீடு மோட்டாரை நேரடியாகக் குழாயில் பொருத்தி உறிஞ்சும்போது கசிவு இன்னும் கூடும். முதலில் வரும் கலங்கிய, வாடை அடிக்கும் தண்ணீரை நாங்கள் பிடிக்காமல் வாசலில் விட்டுவிடுவோம். ஆனால் தரைத்தொட்டிக்கு நேராகக் குழாய் வைத்திருக்கிற வீடுகளில் அந்த முதல் தண்ணீர்தான் தொட்டியில் போய்ச் சேருகிறது.

அதோடு முடியவில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் வீட்டில் டிரம், அண்டா, சிமென்ட் தொட்டி, வாசலுக்கு அடியில் சம்ப் என்று எல்லாவற்றிலும் நிரப்பி வைக்கிறோம். மூடாத டிரம்மில் டெங்குக் கொசு முட்டையிட்டால் ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். பிள்ளைகள் குவளையை முக்கி எடுப்பதால் அண்டாத் தண்ணீர் கெடும். சம்ப் மூடியோ, பெயருக்கு ஒரு தகரம். நடை பழகிய குழந்தை அதில் கால் வைத்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் அடுத்த தெருவில் நடந்தது. ஆகவே என் பார்வையில் தண்ணீர் ஒழுங்காக வராததுதான் வேர். வயிற்றுப்போக்கும் டெங்குவும் மூழ்குவதும் அதன் கிளைகள்.

குழந்தை மருத்துவர், மதுரை

புதூர் அம்மா எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். தண்ணீரில் மூழ்கி இறப்போர் விகிதம் உலகளவில் ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளிடமே மிக அதிகம். இந்த வயதில் மூழ்கச் சில அங்குல நீர் போதும். குழந்தையின் தலை கனமானது. வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் அதனால் நிமிர முடியாது, கத்தவும் முடியாது. சத்தமே வராது என்பதைப் பெற்றோர் நம்ப மறுக்கிறார்கள். அழுகுரல் கேட்டால் ஓடிவிடலாம் என்று நினைத்து அடுக்களையில் நிற்கிறார்கள்.

மூழ்கிய குழந்தையை வெளியே எடுத்தவுடன் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பதும் நம் ஊர் வழக்கம். அதில் கழியும் நேரம் குழந்தையின் உயிருக்கான நேரம். மூச்சு இல்லையென்றால் உடனே வாயில் ஊதி மூச்சுக் கொடுத்து, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். இதை ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பேராவது கைப்பழக்கமாகக் கற்றிருக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு பற்றியும் ஒரு வார்த்தை. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு டம்ளரில் பாதி, மறுநாள் பாதி என்று கரைக்கிறார்கள். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில்தான் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரை 14 நாட்கள். போக்கு நின்றவுடன் மாத்திரையை நிறுத்துவதுதான் அதிகம் நடக்கிறது. தாய்ப்பாலையும் உணவையும் எந்த நாளிலும் நிறுத்தக் கூடாது.

அங்கன்வாடி அக்கா (அலங்காநல்லூர் வட்டாரம்)

நான் பிள்ளைகளோடு பகல் முழுதும் இருப்பவள். கழிப்பறை கட்டிய வீடுகளில்கூடக் கைக்குழந்தையின் மலம் கழிப்பறைக்குப் போவதில்லை. பால் குடிக்கிற பிள்ளை, அதில் என்ன அசுத்தம் என்று சொல்லித் துணியோடு தெருக்குழாயடியில் அலசுகிறார்கள், அல்லது தாளில் எடுத்து வாய்க்காலில் வீசுகிறார்கள். சிறு குழந்தையின் மலத்திலும் நோய்க்கிருமி உண்டு; அதே குழாயடி ஈரத்தில்தான் தவழும் பிள்ளைகள் கைவைத்து விளையாடுகின்றன. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறோம். மண் அப்படியே இருந்தால் மறுபடி புழு வராமல் என்ன செய்யும்? தீர்மானத்தில் இதற்கும் இடம் கொடுங்கள் தம்பி. மலத்தைக் கழிப்பறையில் கொட்டு, கையைச் சோப்பால் கழுவு என்று ஒவ்வொரு தாயிடமும் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும், கேட்பார்கள்.

இன்னொன்று, கழிப்பறை வந்ததோடு சேர்ந்து வந்த ஆபத்து. சைக்கிளில் கூவி விற்கிற ஆசிட்டைக் குளிர்பானப் பாட்டிலில் வாங்கிக் கழிப்பறை ஓரத்தில் வைக்கிறார்கள். பினாயிலும் அப்படியே, தோட்டத்துப் பயிர் மருந்தும் அப்படியே. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது பானம். எங்கள் மையத்துக்கு வரும் குழந்தை ஒன்று ஆசிட்டைக் குடித்து உணவுக்குழாய் சுருங்கி, மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு அலைந்தது. பதறிப்போய் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைத்ததில் புண் இன்னும் அதிகமானது. ஆசிட், மண்ணெண்ணெய் இரண்டுக்கும் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது என்பதை அன்றுதான் எங்கள் ஊர் அறிந்தது.

கட்டடத் தொழிலாளி, திருமங்கலம்

கழிப்பறைத் தொட்டிகளைக் கட்டுகிறவன் என்ற முறையில் உள்ளதைச் சொல்கிறேன். நிறைய வீடுகளில் செப்டிக் டேங்க் என்று சொல்வது, அடியில் பூசாமல் உறை இறக்கிய குழிதான். அடி பூசினால் சீக்கிரம் நிறையும், லாரிக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரரே வேண்டாம் என்கிறார். நம் பக்கம் பாறைப் பூமி. மேல்மண் குறைவு, கீழே வெடிப்பு. கழிவுநீர் மண்ணில் வடிகட்டப்படாமல் வெடிப்பு வழியாகவே ஓடிப் பக்கத்துப் போருக்குள் போய்விடும். பத்து மீட்டர் தள்ளி இருந்தால் போதும் என்கிற கணக்கு நல்ல மண் இருக்கிற இடத்துக்குத்தான். பாறையில் அதை நம்பக் கூடாது.

இடம் உள்ள வீட்டுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறை நல்லது. ஒரு குழி நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றதைத் திறக்கலாம். அடைத்த குழியை இரண்டு ஆண்டு விட்டுவிட்டால் உள்ளே இருப்பது வாடையில்லாத எருவாகிவிடும். ஆனால் ஊற்று மேலேயே இருக்கிற வயற்காட்டு ஓரத்தில் அது ஆகாது, அங்கே அடி பூசிய தொட்டிதான். எந்தத் தொட்டியானாலும் மூடி சிமென்ட் பலகையாக, ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கனத்தில் இருக்க வேண்டும். அரை அடி ஓட்டையில் தகரத்தை வைத்துக் கல்லை ஏற்றுவது மூடி ஆகாது.

கண்மாய்க்கரை (மேலூர் பக்கம்)

அனைவருக்கும் நன்றி. நான் கேட்க நினைத்ததைவிட அதிகம் கிடைத்துவிட்டது. கண்மாய் பற்றி மட்டும் ஒரு சிக்கல். எங்கள் கண்மாயில் வண்டல் அள்ள அனுமதி வாங்கியவர்கள் சமமாக அள்ளாமல், மண் நன்றாக இருந்த இடத்தில் இயந்திரத்தை வைத்து ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். கோடையில் பார்த்தால் கிணறுபோலச் செங்குத்துப் பள்ளங்கள். தண்ணீர் நிறைந்ததும் மேலே எல்லாம் ஒரே மட்டம். இடுப்பளவு நீரில் நடக்கிற பையனுக்கு அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம். இறந்த மாணவன் அப்படித்தான் போனான். இதற்கு வேலி போடலாம் என்று சிலரும், கண்மாய்ப் பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது என்று தண்டோரா போடலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். கீழவளவு பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளங்களிலும் இதே நிலைதான்.

ஆயக்கட்டு விவசாயி (கள்ளந்திரி பக்கம்)

கண்மாய்க்கு வேலி போட முடியாது தம்பி. ஆடு மாடு தண்ணீர் குடிக்க வேண்டும், மடை திறக்க ஆள் போக வேண்டும், துணி துவைக்க வேண்டும். பிள்ளைகளைப் போகாதே என்றால் சொல்லாமல் போவார்கள். சொல்லாமல் போனால் துணைக்குப் பெரியவர் இருக்க மாட்டார். குவாரிப் பள்ளம் வேறு. அங்கே ஒருவருக்கும் வேலையில்லை, செங்குத்துப் பாறை, ஏறிவரப் பிடி கிடையாது. அதற்குக் கண்டிப்பாக வேலி வேண்டும், குத்தகைக்காரரோ கனிமவளத் துறையோ போட்டே ஆக வேண்டும்.

கண்மாயில் செய்ய வேண்டியது, கோடை முடியுமுன் பள்ளங்களின் ஓரத்தைச் சரித்து விடுவதுதான். இயந்திரம் வந்து ஒரு நாள் வேலை. இனி அனுமதி கொடுக்கும்போது எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று எல்லைக்கல் நட்டு, அள்ளி முடித்த பின் ஊராட்சி பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அடுத்தவருக்கு அனுமதி என்று எழுதுங்கள். குளிக்கிற படித்துறைக்கு எதிரே நிச்சயம் தோண்டக் கூடாது.

எங்கள் காலத்தில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி அப்பாவோ சித்தப்பாவோ கிணற்றில் நீச்சல் பழக்கினார்கள். இப்போது கிணறும் இல்லை, பழக்க ஆளும் இல்லை. பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரும் நாளில் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். கான்கிரீட் போட்ட கரையில் வழுக்கினால் மேலே ஏற முடியாது, இழுப்பும் அதிகம். ஆறு வயதுக்கு மேல் எல்லாப் பிள்ளைக்கும், பெண் பிள்ளைக்கும் சேர்த்து, நீச்சல் கற்றுக் கொடுக்க வேண்டும்.

குழந்தை மருத்துவர், மதுரை

உலக சுகாதார நிறுவனமும் ஆறு வயதுக்கு மேல் நீச்சலையும் பாதுகாப்பாக மீட்கும் முறையையும் கற்பிக்கச் சொல்கிறது. அதற்குக் குறைந்த வயதினருக்கு, தண்ணீர்ப் பக்கம் போகவிடாத தடுப்பும், பெரியவர் கண்பார்வையில் இருக்கும் இடமும் வேண்டும். வயல் வேலை உச்சமாக இருக்கிற நாட்களில் காலை முதல் மதியம் வரை குழந்தை அங்கன்வாடியில் இருப்பதே ஒரு பாதுகாப்பு என்பதை ஊரார் உணர வேண்டும்.

ஒரு பிள்ளை மூழ்கும்போது காப்பாற்றக் குதித்த இன்னொரு பிள்ளையும் சேர்ந்து போவதைப் பலமுறை கண்டிருக்கிறோம். குதிக்காமல் எறிய வேண்டும். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை எறிந்து, மூழ்கிக்கொண்டிருந்தவர்களில் இருவரைக் கரை சேர்த்தார்கள். அவர்களுக்குத் துணிவுக்கான தமிழ்நாடு அரசின் கல்பனா சாவ்லா விருது வழங்கப்பட்டது. உங்கள் படித்துறையில் நீளக் கயிற்றில் கட்டிய காலி 20 லிட்டர்த் தண்ணீர்க் கேன் ஒன்றை, மூடியை இறுக்கித் தொங்க விடுங்கள். செலவு மிகக் குறைவு, நன்றாக மிதக்கும்.

உசிலம்பட்டி வாசகர்

ஆழ்துளைக் கிணறுகளை மறந்துவிடாதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது நாடே விழித்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2010இலேயே நெறிமுறை கொடுத்திருந்தது: தோண்டும் முன் தகவல் தர வேண்டும், வேலி போட வேண்டும், குழாயைச் சுற்றித் தரைக்கு மேலும் கீழும் 30 சென்டிமீட்டர் சிமென்ட் மேடை கட்ட வேண்டும், வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும், கைவிட்டதைக் களிமண்ணோ மணலோ கல்லோ போட்டு அடியிலிருந்து நிரப்ப வேண்டும். தண்ணீர் வராத போர்களை நம் ஊரில் யார் கணக்கெடுத்தார்கள்? நூறு நாள் வேலைப் பணித்தளத்தில் இருப்பவர்களைக் கேட்டாலே எந்தக் காட்டில் எந்தக் குழி திறந்து கிடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

கண்மாய்க்கரை (மேலூர் பக்கம்)

நேற்றுக் குழுவில் உட்கார்ந்து எழுதிய வரைவை இங்கே வைக்கிறேன். ஆர்.ஓ. இயந்திரம் வாங்குவதை ஆய்வறிக்கை வரும்வரை தள்ளி வைக்கிறோம். அதற்கு ஒதுக்க நினைத்த தொகையிலிருந்து குளோரின் சோதனைக் கிட்டும், மூடியுள்ள டிரம்மும் உடனே வாங்குகிறோம். கடைசித் தெருக் குழாயில் நாள்தோறும் பார்த்த குளோரின் அளவை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுத வேண்டும். பார்ப்பவர் டேங்க் ஆபரேட்டரும், வாரம் ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவர்களும். பள்ளியில் காலை உணவுக்கு முன் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கைகழுவ, அவர்கள் உயரத்துக்கு வரிசைக் குழாய்களும் சோப்பும் வேண்டும். அந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் நம் மதுரையில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. உணவு வந்துவிட்டது, எங்கள் பள்ளியில் கைகழுவக் குழாய் இரண்டே. ஊரிலுள்ள சம்ப், செப்டிக் டேங்க், கைவிட்ட போர் மூன்றையும் சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்து, மூடி இல்லாதவற்றின் பட்டியலை அக்டோபர் 2 கிராம சபையில் படிப்பார்கள். கண்மாய்ப் பள்ளங்களைச் சரிக்கும் வேலை மழைக்கு முன் முடிய வேண்டும்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். மூடி போட முடியாத ஏழை வீடுகளுக்கு என்ன செய்வது?

கட்டடத் தொழிலாளி, திருமங்கலம்

ஊராட்சி மொத்தமாகச் சிமென்ட் பலகை வார்த்தால் செலவு குறையும். அளவு இரண்டு மூன்று வகைதான் வரும். அச்சு ஒன்று செய்துகொண்டால் ஒரே வாரத்தில் வார்த்துவிடலாம். கம்பி கட்டவும் வார்க்கவும் நானும் கூட இரண்டு பேரும் வருகிறோம், கூலி வேண்டாம். கணக்கெடுக்கப் போகும் பெண்களிடம் ஒரு டேப் கொடுத்து, வாயின் நீள அகலத்தையும் எழுதி வரச் சொல்லுங்கள்.

அங்கன்வாடி அக்கா (அலங்காநல்லூர் வட்டாரம்)

கணக்கெடுப்புத் தாளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிற வீடு எது என்று ஒரு கட்டம் சேருங்கள். பலகை வார்த்ததும் அந்த வீடுகளுக்கு முதலில் போகட்டும். அக்டோபர் வரை காத்திருக்க வேண்டாம். அந்த வீடுகளின் பட்டியல் உங்கள் ஊர் அங்கன்வாடிப் பதிவேட்டில் இன்றே இருக்கிறது.